தவளைக் கட்டு

காலையில் கணவன் ஹாய்ஷெங்கின் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கம், சாயங்காலம் யூலான் சோற்றுப் பானையை இறக்கும்போது புருவத்துக்கு மேலே ஏறியிருந்தது.

வீக்கம் வற்றும், பெருகும்; இடம் மாறுமா? வெள்ளத்துக்குப் பயந்து படகுகளையெல்லாம் துறையில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஈரச் சுவரின் பாசி வாடையும் அடுப்பில் கருகிய இஞ்சியின் காரமும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வர, வெளியே மழையோடு போட்டி போட்டுக்கொண்டு தவளைகள் கத்தின. பாழாய்ப்போன தவளைகள்!

நடவு சமயத்தில் அப்பனுக்கும் மகளுக்கும் சேர்ந்தாற்போல் கண் சிவந்தது. சூட்டை இழுக்கட்டும் என்று வயல் தவளையை உயிரோடு தோலுரித்துப் பிளந்து, ஆளுக்குப் பாதியாகப் பச்சைச் சதையை இமைமேல் வைத்துக் கட்டியவள் யூலான்தான். ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சிவப்பும் போய்விட்டது. ஆனால் அந்தச் சதையில் புழு இருந்திருக்கும், மனுஷச் சூடு பட்டதும் கண்ணுக்குள் ஏறியிருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னபோது அவளுக்கு உயிரே போயிற்று. மகளுக்கும் ஏறியிருந்தால்?

"வெள்ளம் வடியட்டுங்க. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"தெனமும் இதையேதானடி சொல்ற! அது மண்டைக்குள்ள போகுது. நெருநெருன்னு எனக்குக் கேக்குது." ஹாய்ஷெங் மீன் கத்தியை நெருப்பில் காட்டினான். "கட்டுனவ நீதான? கண்ணாடியப் பிடி."

"ஐயோ, வேணாங்க! கண்ணு போயிரும்!"

அறைந்தான். காது அடைத்துப்போனது. பிடித்தாள்.

கத்தி புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணாடியில் தெறித்தது. விரலை உள்ளே விட்டான். துழாவினான். வெள்ளை வெளேரென்று, அவித்த சேமியா போல, சுருங்கி நீண்டு ஒன்று வந்தது. இழுத்தான். இன்னும் வந்தது. பட்டென்று அறுந்தது. மிச்சம் உள்ளே ஓடிவிட்டது.

ஹாய்ஷெங் சிரித்தான். பல்லெல்லாம் ரத்தம்.

"இவ்வளவுதான்! நிங்நிங், வாடா செல்லம். ஒனக்கும் அப்பா எடுத்துவிடுறேன்."

மகள் கட்டிலுக்கு அடியில் ஒண்டினாள். காலைப் பிடித்து இழுத்தான். அவள் வீரிட்டாள்.

"அவள விடுங்க! கொழந்தைங்க அவ!"

"நீ வாய மூடு. நீ பண்ணின வேலைக்கு..."

இரும்பு வாணலி யூலானின் கைக்கு எட்டியது. ஓங்கி அடித்தாள். விழுந்தான். மறுபடி அடித்தாள். எலும்பு நொறுங்கியது. அசைவு நின்ற பிறகும் அடித்தாள்.

மழை. தவளைகள். அவன் மூச்சு மட்டும் இல்லை.

அவன் நெற்றிப் புண்ணில் ஏதோ அசைந்தது. அறுந்த முனை. வெளியே நீண்டது. தடவித் தடவி இடம் தேடியது.

"பாக்காதடா கண்ணு!"

மகளைத் தூக்கி மார்போடு அணைத்தாள். உள்ளங்கையால் அவள் கண்களை மூடினாள்.

கைக்குக் கீழே, இமைக்குள், ஒன்று நெளிந்தது.

"அம்மா... ஓடுதும்மா. மேல ஏறுதும்மா!"

ஆஸ்பத்திரி அக்கரையில். படகு போகாது. விரலால் அழுத்திப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு புருவத்தை நோக்கிப் போயிற்று.

யூலான் மகளைத் தரையில் கிடத்தினாள். முழங்காலை அவள் நெஞ்சில் ஊன்றினாள். செத்தவனின் விரல்களைப் பிரித்துக் கத்தியை எடுத்தாள்.

"ஆடாம படு, தங்கம்," என்றாள்.