நோகலீங்க சாமி

சித்திரை மாதத்து உச்சி வேளையில் ஆட்டையாம்பட்டிச் சாலையிலிருந்து ஒரு மாட்டு வண்டி பிரிந்து, டாக்டர் கந்தவேலின் ஆஸ்பத்திரியை நோக்கி வந்தது. பனிமூட்டத்தில் மெல்ல உருத்திரண்டு வரும் சாரட்டுகளைப் பற்றிப் பேய்க்கதைகளில் படித்தவர்களுக்கு அந்தக் காட்சியில் பயப்பட ஒன்றுமே இல்லை. வெயில் பட்டவர்த்தனமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆமணக்குக் காட்டில் ஒரு இலைகூட அசையவில்லை. வண்டியின் அச்சு மட்டும் முனகியது.

ஆனாலும் ஜன்னலருகே நின்றிருந்த கந்தவேல், காப்பி டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

வண்டியிலிருந்து இறங்கியவன் செங்கோடன்.

செங்கோடனை மாசி மாதமே புதைத்தாகிவிட்டது.

வந்தவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அப்போதுதான் வயது குறைந்த முகம் என்பது தெரிந்தது. அதே தாடை, அதே தோள், சற்றே கூன் போட்டு நிற்கிற அதே பணிவு.

"கும்பிடறேனுங்க சாமி. நான் மாதையன். செங்கோடனுக்குத் தம்பிங்க."

கந்தவேல் நாமக்கல் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் படித்துவிட்டு, சீமையிலிருந்து, இதயத் துடிப்பைக் கோடாகப் படம் பிடிக்கும் பழைய யந்திரம் ஒன்றைத் தருவித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். நடக்கும்போது சிலருக்கு நெஞ்சைக் கவ்விப் பிடிக்கிறதே, அந்த வலியின் ரகசியத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய கனவு. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கிப் போவதால் அந்த வலி வருகிறது. வலி இல்லாத நேரத்தில் எடுக்கும் படம் எதையும் காட்டிக்கொடுக்காது. வலிக்கும்போதே எடுக்க வேண்டும்.

அதற்காக ஒரு மரப்படி செய்து வைத்திருந்தார். நோயாளி அதில் ஏறி இறங்குவான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய பீங்கான் ஜாடிகளுக்குள் விடுவான். இதயத்தின் மின்சாரம் அந்த நீர் வழியாகப் போய், சிலந்தி இழையைவிட மெல்லிய கம்பி ஒன்றை ஆட்டும். கம்பியின் நிழல் ஓடுகிற காகிதத்தில் கோடாக விழும். வலி தொடங்கினால், துணியில் சுற்றிய, மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை நசுக்கி மூக்கருகே பிடிக்க வேண்டும். வலி இறங்கிவிடும்.

வலியோடு படமும் போய்விடும்.

செங்கோடன் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கிறவன். மாசி மாதத்து ஒரு மத்தியானம், கறுப்புக் காகிதம் ஒட்டி அடைத்த இருட்டறையில், ஒரு தடவை படியேறி இறங்கிவிட்டு, சிவப்பு விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நோகுதா?" என்று கந்தவேல் கேட்டார்.

"நோகலீங்க சாமி."

உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. பெரிய மனிதர்கள் கேட்டால் நோகிறது என்று சொல்லக்கூடாது என்று வளர்ந்தவன் அவன். அப்படிப்பட்டவர்களைக் கந்தவேல் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார். குப்பி அவருடைய உள்ளங்கையில் இருந்தது. கோடு தாழத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் தெளிவான படம்.

"இன்னொரு தடவை ஏறு" என்றார்.

ஜாடியிலிருந்து எடுத்த ஈரக் காலைத் துடைக்காமலே செங்கோடன் ஏறினான். மேல்படியில் ஒரு கணம் நின்றான். அப்படியே சரிந்தான்.

உறவுக்காரர்களிடம் கந்தவேல் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நோகலைன்னுதானே சொன்னான்." அது பொய் அல்ல. அதைச் சொன்ன தன் குரல் நினைவுக்கு வரும்போதெல்லாம், ஆள் இல்லாத அறையிலும் அவருக்குக் காது சிவந்தது.

இப்போது அந்தத் தம்பி எதிரில் நிற்கிறான்.

"அண்ணன் உங்ககிட்டப் பொய் சொல்லிப்புட்டானுங்க சாமி" என்றான் மாதையன் தரையைப் பார்த்துக்கொண்டு. "நோகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. அவனால உங்களுக்குக் கெட்ட பேரு. எங்களால ஊருக்குள்ள தலை தூக்க முடியலீங்க. அவன் ஒப்புக்கிட்ட வேலையை நான் முடிச்சுக் குடுத்தர்றேன். எனக்கும் மேடேறினா நெஞ்சைப் புடிக்குதுங்க."

கந்தவேலால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்க ஊட்டுக்காரிதான் சிரிக்கறா. கொல்லிமலை ஏறினாத் தேனாச்சும் கிடைக்கும், மரப்படி ஏறினா என்ன கிடைக்கும்கறா" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான்.

வாசலில் நின்ற நர்ஸ் உண்ணாமலை சிரிக்கவில்லை. "சார், இவனையுமா?" என்றாள் மெல்ல.

வேண்டாம், ஊருக்குப் போ என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆனி மாதம் சென்னையில் வைத்தியர்கள் கூடுகிறார்கள். செங்கோடனின் ஒரு படத்தை மட்டும் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவதாக ஒன்று வேண்டும். இந்தத் தடவை நான் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று அவர் தமக்கே சொல்லிக்கொண்டார்.

"வா" என்றார்.

உண்ணாமலை உள்ளே வரவில்லை.

கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த வெயிலெல்லாம் ஒரு கனவுபோல அணைந்தது. சிவப்பு விளக்கு மட்டும் தணல் மாதிரி இருந்தது. மருந்து நெடி, பாட்டரிகளின் புளித்த வாடை, தேங்கிய உப்புத் தண்ணீரின் வாசனை. கந்தவேல் முதலில் மாதையனை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். கோடு அமைதியாக ஓடியது.

"இப்ப ஏறு."

மாதையன் இடது காலைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். "ஈரக்காலோட ஏறினா வழுக்குமுங்க" என்றான். பிறகு ஏறத் தொடங்கினான்.

கந்தவேல் யந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் மரம் சத்தமிட்டது. ஏற்றம், இறக்கம். ஏற்றம், இறக்கம். மாதையனின் மூச்சு வாங்குவது கேட்டது.

"போதும், உக்காரு."

நாற்காலி கிரீச்சிட்டது. கைகள் நீருக்குள் நுழையும் சலசலப்பு. அவர் காகிதத்தை ஓடவிட்டார்.

மரம் இன்னும் சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

ஏற்றம். இறக்கம்.

ஒரு காலடி உலர்ந்தது.

மற்றது ஈரம்.

"சாமி" என்றான் மாதையன் நாற்காலியிலிருந்து. அவன் குரல் மெலிந்திருந்தது. "இன்னும் யாருங்க ஏறறது?"

கந்தவேல் காகிதத்தின்மேல் இன்னும் குனிந்தார். அவர் கண்ணெதிரே கோடு தாழ்ந்துகொண்டிருந்தது. மாசியில் தாழ்ந்ததைப் போலவே, இன்னும் அழகாக. குப்பி உள்ளங்கையில் இருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

"நோகுதா?" என்றார். கேட்டபிறகுதான், எந்தக் குரலில் கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"நோகலீங்க சாமி."

பதில் நாற்காலியிலிருந்து வரவில்லை.

படியிலிருந்து வந்தது.

"அண்ணா!" என்றான் மாதையன். ஜாடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து நெஞ்சைப் பற்றியது. கோடு காகிதத்தில் தாறுமாறாகத் துள்ளியது. படியில் காலடிகள் வேகம் பிடித்தன. ஒரே ஆள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஏறுவதுபோல.

"நோகலீங்க சாமி. நோகலீங்க."

கந்தவேலுக்கு அப்போது புரிந்தது. செங்கோடன் பழிவாங்க வரவில்லை. தாம் ஏறச் சொன்னதைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறான். இன்னொரு தடவை ஏறு என்று சொன்னவர் நிறுத்து என்று சொல்லவே இல்லை. தம்பியின் பங்கையும் தானே ஏறித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறான்.

நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் எதனால் என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

குப்பியை நசுக்கினார். கண்ணாடி துணிக்குள் நொறுங்கி விரலில் ஏறியது. கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை அறை முழுவதும் பரவியது. மாதையனின் மூக்கருகே பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

"செங்கோடா, போதும். உனக்கு நொந்துதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் ஏறச் சொன்னேன். படத்துக்காகத்தான். எறங்கு."

காலடி நின்றது.

பிறகு ஒரே ஒரு காலடி மட்டும் கேட்டது. படியிலிருந்து தரைக்கு.

ஈரக் கால்.

அதற்குமேல் கந்தவேல் எதையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். வெயில் வெள்ளம்போல உள்ளே பாய்ந்தது. மாதையனின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அவன் கைகளைத் துண்டில் வெகுநேரம் துடைத்தான். உண்ணாமலை கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தான். டாக்டர் நாடி பார்க்கக் கையை நீட்டியபோது தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அண்ணன் ஊட்டுக்கு வந்தா உங்களைப் பத்தித்தானுங்க பேசுவான்" என்றான். "டாக்டரு என்னை நாக்காலியில உக்கார வெச்சாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நாங்க அதைக் கேலி பண்ணுவோம்."

கந்தவேல் விரலில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லைப் பிடுங்கினார்.

"இப்ப நான் போயி அண்ணிகிட்ட என்னன்னு சொல்லட்டுமுங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் நிஜமாகவே யோசனை கேட்டான். பிறகு, டாக்டருக்காக வெட்கப்பட்டவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குப் போனான்.

தரையில் உண்ணாமலைதான் முதலில் பார்த்தாள். படியிலிருந்து ஒரே காலின் தடங்கள், இடது கால், நனைந்து வரிசையாக வந்திருந்தன. வாசல் பக்கம் போகவில்லை. யந்திரத்தின் முன்னால் கிடந்த டாக்டரின் ஆசனத்தைச் சுற்றிக்கொண்டு போய், அதன் பின்னால் நின்றுவிட்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்தது.

கந்தவேல் அண்ணன் தம்பி இருவரின் படங்களையும் உண்ணாமலையின் கண்ணெதிரே அடுப்பில் போட்டார். சென்னைக்குப் போகவில்லை. மரப்படியை உடைத்தார். மேட்டூர் அணை மின்சாரம் அந்தப் பக்கம் எட்டியபோது இருட்டறையின் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். சாதாரண வைத்தியராகக் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். அந்தப் பக்கத்தில் அதுவரை எந்தக் குடியானவனும் டாக்டரிடம் நோகிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எல்லோரும் சொன்னார்கள். "நோகுதா?" என்று அவர் கேட்டதும், அவர் தோளுக்கு மேலே ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு, "ஆமாங்க, நோகுதுங்க" என்பார்கள்.

எதைப் பார்க்கிறீர்கள் என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

ஓர் ஐப்பசியில் சேந்தமங்கலத்திலிருந்து கண்ணாத்தாள் என்ற கிழவியைத் தூக்கி வந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த பகல். நல்ல வெளிச்சம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். கந்தவேல் அருகே குனிந்தார்.

"நோகுதா, ஆத்தா?"

கிழவி அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நோகுதுங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏனுங்க சாமி, உங்க பொறத்தால நிக்கறவரை உக்காரச் சொல்லக்கூடாதுங்களா? பாவம், ஒத்தைக் காலு மட்டும் ஈரமாயிருக்குது."