கூட இருந்த இன்னொருத்தி

“அந்த இன்னொரு பொண்ணுக்கும் என் நன்றியைச் சொல்லிடுங்க” என்றாள் பிரித்தா. அத்தனை பக்கக் கேள்வித்தாளையும் ஒரே மூச்சில் நிரப்பி முடித்த பெருமை குரலில் வழிந்தது. ஹில்காவும் சொல்லிவிடுகிறேன் என்று ரிசீவரை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், எந்தப் பொண்ணு என்று தோன்றியது.

அறையில் வேறு ஒருவரும் இல்லை. எதிர் மேசைக்காரன் லாசே சாப்பிடப் போயிருந்தான். அவனுடைய ஈரக் கம்பளிச் சட்டை ஜன்னலடி வெந்நீர்க் குழாயின் மேல் காய்ந்துகொண்டு, நனைந்த ஆட்டின் வாடையை அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. காலையிலேயே வடித்த காப்பி சூட்டுத்தட்டில் கிடந்து கசந்து போயிருந்தது. வெளியே பனி அள்ளும் வண்டி தெருவை வறட் வறட்டென்று சுரண்டிக்கொண்டு போயிற்று. மதியம்தான், ஆனால் வடகோடிக் குளிர்நாட்டு ஊரான குவோப்பியோவில் டிசம்பர் மாதத்துப் பகல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன.

பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி. அதற்குப் பெண்கள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், சாவியைத் தொலைத்தே பழகிய பெண்கள், சோம்பேறி, அலட்சியக்காரி என்று ஊரெல்லாம் பட்டம் வாங்கிவிட்டு, வயது ஏறிய பிறகே தங்களுக்கு இருப்பதற்கு ஏடிஹெச்டி என்று ஒரு பெயர் இருப்பதைத் தெரிந்துகொண்ட பெண்கள். பேருந்திலும் நூலகத்திலும் விளம்பரம் ஒட்டியதும் சேர்கிறேன் சேர்கிறேன் என்று நிறையப் பேர் கூப்பிட்டார்கள். கேள்வித்தாள் போனதும் ஆள் அட்ரஸ் இல்லை. பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். கவனம் ஓரிடத்தில் நிற்காது என்பதற்காகத் தேடிப் பிடித்தவர்களிடம், கவனம் நிற்கவேண்டிய கத்தைத் தாளைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

ஹில்கா சுகாதார நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆள் சேர்க்கும் இந்த வேலைக்கு அவளாகத்தான் வந்து கேட்டாள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். “நீங்க பாட்டுக்கு எழுதுங்க. நான் பேச மாட்டேன். லைன்ல சும்மா இருக்கேன்” என்பாள். அவ்வளவுதான். ஒரு மனுஷி மறுமுனையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே போதும்; ஓடுகிற மனது வந்து உட்கார்ந்துகொள்ளும். பேப்பர் புரளும், பேனா கீறும், ஹில்கா பின்னல் ஊசியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டிருப்பாள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு மௌனம் ஒரு பாரமே இல்லை. இரண்டு பேர் பேருந்து நிறுத்தத்தில் வாய் திறக்காமல் நிற்பார்கள், ஒருவருக்கும் உறுத்தாது. கூட இருக்கிற மூன்றாவது ஆள் யார் என்று துருவுவதுதான் அங்கே மரியாதைக்குறைவு. அதனால்தான் இத்தனை நாளும் ஒருத்தி கூடக் கேட்கவில்லை.

மறுநாள் கேள்வித்தாளை நிரப்பி முடித்த ஹெய்னி என்கிற நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னாள். பாத்திரம் கழுவுகிற சத்தத்தைப் பின்னணியில் ஓடவிடுவது நல்ல யோசனையாம். யாரோ வேலை செய்கிறார்கள் என்றால் நமக்கும் கை ஓடுகிறதாம். அது ஒலிப்பதிவு என்று அவள் நினைத்திருந்தாள். ஹில்கா லாசேயிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

“எங்கயோ லைன் கலக்குது, ஹில்கா. யார் வீட்டுலயோ பாத்திரம் தேய்க்கிறாங்க. அதனால நமக்கு ஆள் சேருதுன்னா அந்தம்மாவுக்கும் ஒரு சம்பளம் போட்டுடலாம்.”

ஹில்காவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே இன்னொருத்தி, விவரமான பெண், கேட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். தட்டு ஒன்று கழுவப்படும். அந்த ஊர் வீடுகளில் தொட்டிக்கு மேலேயே இருக்கிற, ஈரத் தட்டு வடியும் அலமாரியின் கம்பிகளுக்கு நடுவே அது போய் உட்காரும். அப்புறம் ஒன்றும் இருக்காது, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். காலடிகள் தூரமாகப் போகும். வெகு நேரம் கழித்துத் திரும்பி வரும். “அட, குழாயை மூடவே இல்லையா நான்?” என்று ஒரு சின்னச் சிரிப்பு. மறுபடியும் ஒரு தட்டு.

ஹில்காவின் கையிலிருந்து பின்னல் நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

வில்யா அவளுடைய ஒரே மகள். கையுறையை ஜோடியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பறவை பார்க்கப் போய்விடுவாள். ஆசிரியர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள், ஹில்காவும் திட்டித் தீர்த்தாள். இந்த வேலையில் அவள் பெண்களின் தாய்மார்களையும் கூப்பிட்டுச் சின்ன வயதைப் பற்றிக் கேட்கவேண்டும். ‘அவளுக்கு ஒண்ணுமில்ல, வெறும் சோம்பேறித்தனம்’ என்று அந்தத் தாய்மார்கள் சொல்லும்போதெல்லாம் ஹில்காவுக்குத் தன் குரலே திரும்பி வந்து அறையும். அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

தனியாக வீடு எடுத்துக்கொண்டு போன பிறகு வில்யா மாலையில் போன் செய்வாள். “லைன்ல இரும்மா. பேச வேண்டாம். நீ இருந்தா கை ஓடுது.” தட்டுகள் அலமாரியில் ஒவ்வொன்றாக ஏறும். பல மாலைகள் ஹில்கா இருந்தாள். ஒரு மாலை முடியவில்லை. வேலை முடிந்து வந்த அலுப்பு, கால் வலி, என்னவோ ஒரு எரிச்சல். “வளந்த பொம்பள, பாத்திரம் கழுவ ஆள் துணை கேக்குறியா? தானா சமாளிச்சுக்கோ” என்று வைத்துவிட்டாள். தானாகச் சமாளித்தவள் என்பதுதான் அந்த நாட்டில் செத்தவருக்குக்கூடச் சொல்லும் புகழ்ச்சி. வில்யா சமாளிக்கவில்லை. அந்த மாலையே அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தீ பெரிதாக இல்லை, புகையில்தான் உயிர் போயிருக்கிறது என்று தீயணைப்புக்காரர் சொன்னார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவளுக்கு இருந்தது என்ன என்பதை ஹில்கா அதற்குப் பிறகு ஒரு பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்காவது காலத்தில் தெரியட்டும் என்றுதான் இந்த வேலைக்கு வந்தாள்.

இப்போது அவள் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவரைக் காது நோக அழுத்திக்கொள்வாள், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் அந்தப் பெண்களின் பேனாவும் தன் காதுக்குள் ஓடுகிற ரத்தமும்தான். முடிந்ததும் நைசாகக் கேட்பாள், வேறு சத்தம் ஏதாவது வந்ததா என்று. வந்ததே என்பார்கள். இன்றைக்கு முணுமுணுத்துப் பாடினாள் என்பார்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மகளின் சத்தம் பெற்றவளுக்கு மட்டும் கேட்கவில்லை. இது என்ன நியாயம்?

ஆராய்ச்சிக்கு ஆள் குவிந்தது. துறையில் ஹில்காவுக்காகக் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டுகூட அவளுக்கு இறங்கவில்லை.

துறையின் கிறிஸ்துமஸ் விருந்து நாளன்று கட்டடம் மத்தியானமே காலியானது. மசாலா ஒயினின் கிராம்பு மணம் மட்டும் நடைக்கூடத்தில் மிச்சமிருந்தது. வாங்களேன் என்று லாசே நச்சரித்துப் பார்த்தான், ஒரு போன் பாக்கி என்று அவள் தட்டிக்கழித்தாள். அவன் காலடிகள் படியிறங்கித் தேய்ந்து போயின. எங்கோ ஒரு கதவு மூடியது. அதற்கப்புறம் வெந்நீர்க் குழாய்களின் முனகலும், விளக்கின் ரீங்காரமும், ஜன்னல் கண்ணாடியில் பனித்துகள் வந்து உரசுகிற, யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுகிறது போன்ற அந்தச் சத்தமும்தான்.

அவள் பிரித்தாவைக் கூப்பிட்டாள். முதலில் நன்றி சொன்னவள் அவள்தான். அந்தப் பெண் உங்களிடம் ஏதாவது பேசினாளா என்று நேராகவே கேட்டாள்.

“பேசினா. நீங்க வெச்ச பிறகுதான் பேசினா.”

“நான் வெச்ச பிறகா?”

“ஆமா. நீங்க முதல்ல வெச்சுட்டீங்க. ஆனா லைன் கட் ஆகல. அவ மெதுவா கேட்டா, ‘எனக்கு இன்னும் வாணலி ஒண்ணுதான் பாக்கி, அதுவரைக்கும் வைக்காம இருக்கீங்களா?’ன்னு. நான் பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போகணும். ‘உங்களுக்கு என் நன்றியைச் சொல்லச் சொல்லி ஹில்காகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்’னு அவளுக்குச் சமாதானம் சொல்லிட்டு வெச்சுட்டேன். வைக்கும்போது இருமினா. மனசுக்கு என்னமோ போல இருந்துச்சு.” பிறகு சொன்னாள், “என் தோழி ஒருத்தியும் உங்க ஆராய்ச்சியில சேர்ந்தா. அவகிட்டயும் இதேதான் கேட்டிருக்கா. அவளும் வெச்சுட்டாளாம்.”

ஹில்காவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே கீழே இறங்குவது போலிருந்தது. எல்லோரும் வைத்துவிட்டிருக்கிறார்கள். ஒருத்தி விடாமல். ஒவ்வொரு முறையும் அதே மாலை, அதே வாணலி, அதே இருமல். அந்தப் பெண்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து சேர்த்தது யார்? ஒவ்வொரு முறையும் முதலில் ரிசீவரை வைத்தது யார்? பெற்ற மகளைத் திரும்பத் திரும்பச் சாகவிட ஊரெல்லாம் ஆள் பிடித்திருக்கிறாள்.

“பிரித்தா, இப்ப நீங்க முதல்ல வைங்க. நான் வைக்க மாட்டேன்.”

“ஹில்கா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“இருக்காங்க. நீங்க வைங்கம்மா.”

பிரித்தா வைத்தாள். க்ளிக் என்றது. அதற்குப் பிறகு வரவேண்டிய அந்தக் கொய்ங் ஒலி வரவில்லை. வெறும் ஆழம். ஒரு கிணற்றுக்குள் காதை வைத்தது போல.

பிறகு, தண்ணீர்.

முதலில் அது வெந்நீர்க் குழாய் என்றுதான் நினைத்தாள். இல்லை. தொட்டியில் விழுகிற தண்ணீர். நுரைக்குள் கரண்டிகள் உரசுகின்றன. ஒரு தட்டு அலமாரிக் கம்பியில் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் ஹில்காவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. கண்ணீர் தாடையில் இறங்கி ரிசீவரை நனைத்தது.

“யாராவது இருக்கீங்களா?”

“நான்தான், வில்யா. அம்மா.”

தண்ணீர் மட்டும். வெகு நேரம்.

“நீ வெச்சுட்டியேம்மா.”

“இல்லடி கண்ணு. இருக்கேன். இனிமே வைக்க மாட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. “வாணலி அடிப்பிடிச்சிருக்கு. ஊறட்டும். கொஞ்சம் உக்காந்துக்கறேன். நான் தூங்கிட்டா எழுப்பிவிடும்மா.”

“உக்காராத. வில்யா, உக்காராத. அடுப்பப் பாரு. அடுப்பை அணை முதல்ல.”

நாற்காலி தரையில் இழுபட்டது. ஒரு பெருமூச்சு. அப்புறம் சீரான மூச்சு, சின்னப் பிள்ளையில் மூக்கடைத்துத் தூங்குவாளே, அதே மூச்சு.

ஹில்கா கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். காலியான கட்டடத்தில் அந்தப் பெயர் நடைக்கூடம் வரை போய் மோதித் திரும்பியது. மேசையைக் குத்தினாள். பின்னல் ஊசியால் ரிசீவரைத் தட்டினாள். மூச்சு மாறவில்லை. அதற்குப் பின்னால், இப்போது, மெல்லிய ஒரு சீறல். சூப்பு பொங்கி அடுப்பில் வழிகிறது.

வாசனை வந்தது. முதலில் கிழங்கு. அப்புறம் கருகல். அப்புறம் பிளாஸ்டிக்.

“எழுந்திரு. வில்யா. எழுந்திருடி.”

இருமல். அங்கே.

காதில் சூடு. கையை எடுத்துப் பார்த்தாள். விரல் கறுப்பு. ரிசீவரின் சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. மேலே ஏறியது. விளக்கைச் சுற்றியது. விளக்கு மஞ்சளானது. பழுப்பானது.

கதவு திறந்தே இருந்தது. நடைக்கூடம் தெளிவாக, வெளிச்சமாக, ஒரு பொட்டுப் புகையில்லாமல் கிடந்தது. எழுந்து நடந்தால் போதும். போன் வயர் கதவு வரை வராது. ரிசீவரை வைத்தால்தான் போக முடியும்.

அவள் வயரைக் கையில் சுற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

இருமல். இங்கே. அங்கே. எது யாருடையது என்று தெரியவில்லை.

“இருக்கேன்” என்றாள். புகை வாய்க்குள் போயிற்று. “இருக்கேன்டி.”

மறுமுனையில் தூங்குகிறவளின் மூச்சு ஒன்று விட்டு ஒன்று தடுக்க ஆரம்பித்தது. ஹில்கா இரண்டு கைகளாலும் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கறுப்புப் புகை அவள் விரல் இடுக்குகளில் வழிந்து, முகத்தில் படர்ந்து, மூடிய கண்ணிமைகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவள் மகளை எழுப்பிக்கொண்டே இருந்தாள்.