குழாய் மாமா தலையாட்டிய பாட்டு

குழாய் மாமா குளியலறையில் மட்டும்தான் பாடுவார். அதுவும் அடுத்தவர் வீட்டுக் குளியலறையில்! தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பதுதானே அவர் வேலை. யாராவது எட்டிப் பார்த்தால் போதும், பாட்டு தொண்டைக்குள் பதுங்கிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சினிமாப் பாட்டைப் பாடவைத்து, அதை இணையத்தில் போடவும் வைத்தாள் அவருடைய அக்கா மகள். ஒல்லியாக இருப்பதால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

மாமா ஹெட்போன் மாட்டி, இசையைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிப் பாடினார். நாற்காலிமேல் நிறுத்திவைத்த போன் படம் பிடித்தது. சந்தோஷத்தில் இருவரும் அதை ஒருமுறை போட்டுக்கூடக் கேட்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் மாலை மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஸ்பேனர் பையைக்கூட இறக்கவில்லை.

"அதை அழிச்சிடு, குண்டூசி."

"ஏன் மாமா?"

"நீயே பாரு."

பார்த்தாள். மாமாவின் குரல் மட்டும் கேட்டது. இசை எங்கே? அது மாமாவின் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது! ஹெட்போனில் ஒலிப்பது போனுக்கு எப்படிக் கேட்கும்? பாட்டுக்கு நடுவே இசை வரும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மாமா மட்டும் தலையை ஆட்டுகிறார், ஆட்டுகிறார், ஆட்டிக்கொண்டே இருக்கிறார்.

பார்த்தவர்கள் கீழே எழுதியிருந்தார்கள். 'அண்ணே, கரண்ட் போயிடுச்சா?' 'யாராவது அவரை எழுப்பி விடுங்கப்பா!'

குண்டூசியின் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "குரல் நல்லாத்தான்டா இருக்கு தம்பி" என்றார்.

"நீ வேற அக்கா! இன்னைக்கு வேலை செஞ்ச வீட்ல வாயைத் திறக்கவே கூச்சமா இருந்துச்சு. இனிமே பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

குண்டூசிக்குத் திக்கென்றது. பாடச் சொன்னதே அவள்தானே! மாமா இனிமேல் குளியலறையில்கூடப் பாடாவிட்டால்?

"சாப்பிடுற வரைக்கும் டைம் குடு மாமா. அப்புறம் அழிச்சிடலாம்."

அவளிடம் ஒரு மௌத் ஆர்கன் இருந்தது. அந்த நடு இசையும் அவளுக்குத் தெரியும். ஆனால் எதை வாசித்தாலும் வேகம் பிடித்து ஓடிவிடுவாள்.

கம்ப்யூட்டரில் மாமாவின் பாட்டைப் போட்டாள். சத்தமில்லாத இடம் வந்ததும் ஊதினாள். இவள் முடித்த பிறகும் மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார்! மறுபடி ஊதினாள். மறுபடியும் அதே கதை.

"பஸ்ஸைப் பிடிக்கப் போறியாடி?" என்றார் அம்மா.

குண்டூசி திரையையே பார்த்தாள். மாமாவின் தலை இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது.

அட! மாமா சும்மாவா ஆட்டுகிறார்? அவருக்கு அப்போது இசை கேட்டுக்கொண்டுதானே இருந்தது! அந்தத் தலைதான் தாளம்!

"அம்மா, உன் போன்ல என்னையும் திரையில இருக்கற மாமாவையும் சேர்த்துப் படம் புடி!"

இந்த முறை மாமாவின் தலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது இறங்க இறங்க ஊதினாள். ஓடத் தோன்றிய போதெல்லாம் அந்தத் தலை அவளைப் பிடித்து நிறுத்தியது. அவள் வாசித்து முடிக்கவும், திரையில் மாமா பாட வாய் திறக்கவும் சரியாக இருந்தது.

மாமா சாப்பிடாமலே அதைப் பார்த்தார். திரையில் இருந்த மாமா, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் குண்டூசியை ரசித்துத் தலையாட்டுவது போலவே இருந்தது.

"ஏய், உனக்காகவே இடம் விட்டுப் பாடின மாதிரி இருக்கே!"

"பழசை அழிச்சிடட்டுமா மாமா?"

மாமா தாடையைச் சொறிந்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். இதையும் போடு."

மறுநாள் முதலில் எழுதியது அதே ஆள்தான்: 'அண்ணே, கரண்ட் வந்திடுச்சு!'

சில நாள் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது.

"குண்டூசி, ஒரு வீட்டுக் குளியலறையில இருக்கேன். வீட்டுக்காரங்க எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க."

"ஐயையோ, குழாய் உடைஞ்சிடுச்சா?"

"இல்லடி, பாட்டு கேக்கறாங்க! சீக்கிரம் மௌத் ஆர்கனை எடு. நடுவுல உன் இடம் வருது."

மாமா பாடினார், நிறுத்தினார். குண்டூசி தலையை ஆட்டிக்கொண்டே ஊத ஆரம்பித்தாள்.