நாற்பத்தொன்றாம் பக்கத்து நட்சத்திரம்

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஏழாவது மணியில்தான் கான்ஸ்டபிள் டெரில் எடுத்தான். அதற்குள் இந்த முனையில் வெர்னா கோர்க்கமுக்கு மூச்சு வாங்கியது.

"டெரில்... ம்யூரியல யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. உயிரோட இருக்காளான்னே தெரியல."

மறுமுனையில் சாண்ட்விச் மெல்லும் சத்தம் நின்றது.

"அவங்க குளிருக்குப் பயந்து ஜனவரியிலயே ஃப்ளோரிடா போயிட்டாங்களே, மிஸஸ் கோர்க்கம்?"

"போகல."

"எப்படித் தெரியும்?"

"நாப்பத்தொண்ணாம் பக்கம்."

விஷயம் இதுதான். அந்தக் கடலோர ஊரின் ஒற்றை அறை நூலகத்தில், சின்ன ஊர்க் கொலைக் கதைகளுக்குத்தான் கிராக்கி. ஒரு பேக்கரி, ஒரு பூனை, ஒரு பிணம். ரத்தம் ஒரு சொட்டு, டீ பத்துக் கோப்பை. எல்லாமே பெரிய எழுத்துப் புத்தகங்கள். வயதானவர்களுக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று மறந்துவிடும். அதனால் படித்து முடித்த புத்தகத்தில் ஆளுக்கொரு ரகசியக் குறி. வெர்னா பதினேழாம் பக்க எண்ணின் கீழ் ஒரு கோடு போடுவாள். அவள் தோழி ம்யூரியல் ஸிங்க், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம்.

இன்று காலை வெர்னா கையில் எடுத்த புத்தகம் பிப்ரவரி கடைசியில்தான் நூலகத்துக்கே வந்தது. முதல் பக்கத்து முத்திரை அப்படித்தான் சொன்னது.

நாற்பத்தொன்றில்... நட்சத்திரம்!

ஃப்ளோரிடாவில் இருப்பவள் இங்கே எப்படிக் குறி போட்டாள்?

புத்தகத்தைக் கடைசியாக எடுத்துப் போனது ம்யூரியலின் அண்ணன் மகன் வேட் என்றாள் நூலகக்காரி. ஹாக்கி ஸ்கோர் தவிர ஒரு வரி படித்தறியாத வேட்! அத்தை வீட்டின் சாவியும் அவனிடம்தான்.

இரண்டு மாதமாக வெர்னாவுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. ஃப்ளோரிடா எண்ணை அடித்தால் யாரும் எடுப்பதில்லை. வேட்டைக் கேட்டால், அத்தை சௌக்கியம் என்று பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொல்வான்.

கால் மணி நேரத்தில் டெரில் காருடன் வந்தான். அவளை அமைதிப்படுத்த நினைத்தானோ என்னவோ, தானும் அந்த மாதிரிப் புத்தகம் ஒன்று ஆரம்பித்திருப்பதாகச் சொன்னான். தேனீ வளர்க்கிற ஊர்க் கதை.

"ஓ, அதுவா? தபால்காரிதான் கொன்னா. வேகமா ஓட்டு."

டெரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

ம்யூரியல் வீட்டு வாசலில் பனி முழங்கால் உயரம். பின்பக்கம் மட்டும் ஒற்றையடிப் பாதை. அதில் கையில் பையுடன் வேட்!

"பைப்பு உறைஞ்சிடாம பாக்க வந்தேன்" என்று உளறினான்.

வெர்னா பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பைப்புக்கு எதுக்குடா டீத்தூள்?"

அப்போது மாடியில்... ஒரு இருமல்.

எழுபத்துநாலு வயது வெர்னா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. டெரில் கதவைத் தடவிப் பார்த்தான். முகம் மாறியது.

"மிஸஸ் கோர்க்கம்... தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருக்கு."

கிறீச்.

கதவு திறந்தது. கம்பளி அங்கியில் ம்யூரியல். கையில் புத்தகம். படித்த பக்கத்தில் அடையாளமாக ஒரு விரல்.

வெர்னா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "யாருடி அடைச்சு வச்சா உன்ன?"

"நானேதான்."

"யாருக்குப் பயந்து?"

"உனக்குத்தான்டி!"

வெர்னாவின் கை தானாக விலகியது.

"முப்பது வருஷம்" என்றாள் ம்யூரியல். "நான் எந்தப் புக்க எடுத்தாலும், 'ஓ, அதுவா? டாக்டர்தான் கொன்னான்'னு வாசல்லயே சொல்லிடுவ. எனக்கு எழுபத்தாறு ஆகுது. சாகறதுக்குள்ள ஒரே ஒரு கொலைகாரன நானா கண்டுபிடிக்கணும்டி."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே. செத்துட்டியோன்னு பயந்தேன்."

"பதினோரு தடவ சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்ட. கேட்டுட்டு, 'நர்ஸுதான்'னு சொன்ன."

டெரில் பலமாகத் தலையாட்டினான்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி ஒரு பெயர்கூடத் தன் வாயில் வராது என்று ம்யூரியலின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். ம்யூரியலும் கண்கலங்கி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்றாள். ஃப்ளோரிடா நாடகம் முடிந்தது.

புறப்படும்போதுதான் ம்யூரியல் கையிலிருந்த புத்தகத்தின் அட்டை கண்ணில் பட்டது. தேவாலயம், மணிக்கூண்டு, கருப்புப் பூனை. வெர்னா போன வாரம்தான் அதை முடித்திருந்தாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு படி இறங்கினாள். இரண்டு. மூன்று. நாக்கு நுனியில் ஏதோ அரித்தது... நின்றாள். திரும்பினாள்.

"கொலைகாரன் யாருன்னு சொல்ல மாட்டேன்டி, சத்தியம் சத்தியம்தான். ஆனா அந்தப் பாதிரியாரச் சந்தேகப்பட்டு நேரத்த வீணாக்காத... பாவம், அடுத்த அத்தியாயத்துலயே செத்துடுவாரு!"