ஒரு மூச்சு வேலை

மெல்லிய துணியால் மூன்று முறை துடைத்தும் டிஸ்க்கின் மேலிருந்த அந்த மங்கல் போகவில்லை. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓரமெல்லாம் கரைந்து, மார்கழிக் காலையில் பஸ் கண்ணாடியில் யாரோ வாயை வைத்து ஊதியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. மெகருன்னிசா கையுறை மாட்டிய விரலால் சுரண்டிப் பார்த்தாள். மேலே வழவழவென்றுதான் இருந்தது. திட்டு பூச்சுக்கு அடியில் கிடந்தது.

அடியில் எப்படிப் போகும்? பதினோரு வருசமாக அவள் இந்த டிஸ்க்குகளைத்தான் பார்க்கிறாள். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், லேபிள் அச்சகங்களுக்கும் பட்டாசு ஆபீசுகளுக்கும் நடுவே, வெளியே பெயர்ப் பலகைகூட ஒழுங்காக இல்லாத கம்பெனி. ஆஸ்பத்திரிக்காரர்களும் கோர்ட்டுக்காரர்களும் தங்கள் ஆவணங்களை லேசரால் எழுதிப் பூட்டி வைக்கிற டிஸ்க்குக்கு இங்கேதான் மேல்பூச்சு போடுகிறார்கள். சுழலும் டிஸ்க்கின் நடுவில் தேன் மாதிரி ஒரு சொட்டு விழும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது முடியைவிட மெல்லிசாகப் பரவிவிடும். அப்புறம் டிஸ்க்குகள் வரிசையாகக் கண்ணாடிக் கேபினுக்குள் போக, ஊதா விளக்கு அடித்துப் பூச்சு இறுகிவிடும். இறுகிய பிறகு அடியில் சிக்கியது தூசியானாலும் தலைமுடியானாலும் நூறு வருசத்துக்கு அங்கேயேதான்.

வெயில் பட்டால் பூச்சு முன்கூட்டியே இறுகிவிடும் என்று அறையின் ஜன்னல்களில் எல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. சித்திரை மாத உச்சி வெயில்கூட அங்கே மஞ்சள் தண்ணீராகத்தான் இறங்கும். ஏசியின் குளிர், பசை மணம், மோட்டார்களின் ஓயாத இரைச்சல், எப்போதாவது எம். புதுப்பட்டிப் பக்கமிருந்து சோதனை வெடியின் சத்தம். இத்தனை வருசமும் அவளுக்கு அந்த அறை பிடித்துத்தான் இருந்தது. இப்போது உள்ளே வரவே பயமாக இருந்தது.

காரணம் அந்தக் கேபின். காற்று பட்டால் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும் என்பதால் அதற்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்பி வைப்பார்கள். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே நின்று மூச்சை இழுத்தால் திணறல்கூட வராது. முழங்கால் மடங்கும், அவ்வளவுதான். அதனால்தான் வாயு இருக்கும்போது கதவைத் திறந்தால் அலாரம் கத்தி, லைன் தானாக நின்றுவிடும்படி வைத்திருந்தார்கள். உள்ளே டிஸ்க் சரிந்து சிக்கிக்கொண்டால் வாயுவை அடைத்து, பத்து நிமிடம் காற்று விட்டு, அப்புறம்தான் ஆள் போக வேண்டும். அப்படிச் செய்தால் லோடு முழுக்கக் குப்பைக்குத்தான் போகும்.

மெகருன்னிசாவின் பொறுப்பில் ஓடிய லோடு எதுவும் குப்பைக்குப் போனதில்லை. அதில் அவளுக்கு அப்படியொரு கர்வம். அலாரத்தின் சாவியை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போய் டிஸ்க்கை எடுத்து வர ஆள் வைத்திருந்தாள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒரு மூச்சு வேலை. ஆனைக்குட்டத்துக்காரி பஞ்சம்மாள் அதில் கெட்டிக்காரி. கிணற்றில் முங்கி அடிமண்ணை அள்ளி வந்தவள். கேபினிலிருந்து வெளியே வந்து மூச்சை விட்டதும் சிரிப்பாள்.

பங்குனியில் ஒரு நாள், உள்ளே நிற்கும்போது பஞ்சம்மாளுக்கு இருமல் வந்தது. இருமினால் அடுத்து மூச்சை இழுக்காமல் முடியுமா? இழுத்தாள். மெகருன்னிசா வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பஞ்சம்மாள் கண்ணாடியில் சாய்ந்தபடி அப்படியே வழுக்கி உட்கார்ந்தாள். அவள் வாய்க்கு நேராகக் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு விரிந்தது, சுருங்கியது. மறுபடி விரிந்தது. நாலு முறை.

அந்த நாலு மூச்சு நேரத்தில் மெகருன்னிசா என்ன செய்தாள்? அலாரச் சாவி தூரத்துச் சுவரில் இருந்தது. முதலில் அங்கே ஓடி, அணைத்து வைத்திருந்ததைத் திருப்பிப் போட்டாள். அப்புறம்தான் வந்து கதவைத் திறந்தாள். அலாரம் கத்தியது, ஊரே ஓடி வந்தது. விசாரிக்க வந்தவர்களிடம், அலாரம் கத்தக் கத்தத்தான் அவள் உள்ளே போனாள், நான் கூப்பிட்டேன், கேட்கவில்லை என்று சொன்னாள். மகள் ஹாதியாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். தாய் ஜெயிலில் இருந்தால் மகளை யார் கட்டுவார்கள்? தப்பு செத்தவள் தலையில் விழுந்தது. கம்பெனி மனமிரங்கி அவள் தங்கை முத்துச்செல்விக்கு அதே வேலையைக் கொடுத்தது.

அடைத்து வைத்த லைனை நாற்பத்தோராம் நாள் திறந்தார்கள். அன்றைக்கு முதல் டிஸ்க்கிலேயே இந்தத் திட்டு.

அன்று மாலைக்குள் எழுபது டிஸ்க்கில் வந்துவிட்டது. சூப்பர்வைசர் அழகுராஜா ஏசியைப் பார்த்தான், பூச்சு டப்பாவை மாற்றினான், ஈரத்தை அளக்கிற கருவியை மூலைக்கு மூலை வைத்தான். ஈரமே இல்லை. வெளியே தார் உருகிக் கிடந்தது, ஈரம் எங்கிருந்து வரும்? கடைசியில் ஒரு டிஸ்க்கை விளக்கில் சாய்த்துப் பிடித்து, “ஆரோ வாய வச்சு ஊதுன மாதிரியில்லக்கா இருக்கு” என்றான். அவள் அதை வாங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டாள்.

மறுநாள் அலாரம் தானாகவே கத்தியது. கதவு மூடித்தான் இருந்தது, கேபினுக்குள் ஒருவரும் இல்லை. லைன் நின்று ஒரு லோடு போயிற்று. அதற்கடுத்த நாளும் அதே மாதிரி. அழகுராஜா தலையைச் சொறிந்தான். இன்னொரு லோடு போனால் அலாரக் கம்பெனி ஆளை வரவழைத்துப் பெட்டியைப் பிரிக்கப்போவதாகச் சொன்னான். எந்த நாள், எந்த மணிக்குச் சாவியைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் அதற்குள் பதிவாகி இருக்குமாம். அதைச் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். மெகருன்னிசாவின் கண் சுவரிலிருந்த சாவிக்குப் போனது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவள் மடியில் ஒரு பிணமே கிடந்தது.

முத்துச்செல்விக்கு எதுவும் தெரியாது. அது இன்னும் கொடுமையாக இருந்தது. அக்காவைக் காப்பாற்றப் பார்த்தவள் என்று மெகருன்னிசா மேல் அவளுக்கு உயிர். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் முதல் உருண்டை மெகருன்னிசாவுக்குத்தான். அப்படி ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“அன்னைக்கு அலாரம் நல்லாக் கேட்டுச்சாக்கா?”

“கேட்டுச்சு.”

“அப்ப அது அடிக்கலைன்னா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம்லக்கா? பயமில்லாமப் போலாம்ல?”

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஹாதியாவின் முகம் கண்முன் வந்தது.

“போலாம்” என்றாள்.

புதன்கிழமை உச்சிப்பொழுதில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, கேபினுக்குள் டிஸ்க் சரிகிற ‘டக்’ சத்தம் கேட்டது. அடுத்து, கதவின் ரப்பர் பிரிகிற மெல்லிய சத்தம். திரும்பினாள். நீலக் கோட்டும் தலையுறையும் முகமூடியுமாக ஒருத்தி கண்ணாடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த உடுப்பில் யாரும் யார் மாதிரியும் இருக்கலாம். ஆனால் மெகருன்னிசாவுக்கு அது யார் என்று தெரியும். திட்டு விரிந்தது. சுருங்கியது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காவலுக்கென்று ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி, நிதானமாக. முடித்துக் கண்ணைத் திறந்தபோது கேபின் காலியாக இருந்தது, கதவு மூடியிருந்தது.

வியாழக்கிழமையும் வந்தது. டக். ரப்பர். நீலக் கோட்டு. ஓதினாள், போய்விட்டது. ஓதினால் போய்விடுகிறது என்பது ஒரு பிடிமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஹாதியாவின் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

வெள்ளிக்கிழமைதான் அந்த வாரத்தின் கடைசி லோடு. அழகுராஜா சாத்தூருக்கு லாரி பார்க்கப் போயிருந்தான், அறையில் அவளும் முத்துச்செல்வியும் மட்டும். அலாரம் மறுபடி தானாகக் கத்தினால் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள். கத்தவே கூடாது. அதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. முத்துச்செல்வி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மெகருன்னிசா சுவரோரமாகப் போய்ச் சாவியை அணைத்துவிட்டு வந்தாள்.

டிஸ்க்குகள் வரத் தொடங்கின. முதலாவதை எடுத்து மஞ்சள் விளக்கில் சாய்த்தாள். சுத்தம். இரண்டாவதும் சுத்தம். பத்தாயிற்று, இருபதாயிற்று, ஒன்றில்கூட மங்கல் இல்லை. பளபளவென்று அவள் முகமே அதில் தெரிந்தது. அல்லா கண்ணைத் திறந்துவிட்டான், விட்டது சனி என்று நினைத்தாள். முதுகைக் கேபினுக்குக் காட்டியபடி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெட்டியில் அடுக்கினாள். நாற்பது. ஐம்பது.

டக்.

கை நின்றது.

ரப்பர் பிரிகிற சத்தம்.

அவள் உடனே திரும்பவில்லை. அலாரம் கத்தவில்லை. கத்தாது, அவள்தானே அணைத்தாள். மெதுவாகத் திரும்பினாள். நீலக் கோட்டு. கையில் ஒரு டிஸ்க். கண்ணாடியில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்துகொண்டிருந்தது. முகமூடி இறங்கியிருந்தது. வாய்க்கு நேரே திட்டு.

கண்ணை மூடிக்கொண்டாள். ஓதினாள். நிறுத்தி, நிதானமாக. பாதியில் தடுமாறியது, பாதியில் விட்டால் பலிக்காதே என்று பயந்து முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். மோட்டார் இரைந்தது. தூரத்தில் எங்கோ சோதனை வெடி. ஓதி முடித்தாள். கண்ணைத் திறந்தாள்.

அது போகவில்லை.

கண்ணாடியில் திட்டு சுருங்கிக்கொண்டிருந்தது. மிளகளவு. கடுகளவு. இல்லை.

மெகருன்னிசா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி. தட்டுகள் பாதி அடுக்கினபடி.

“முத்துச்செல்வி?”

அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஏ புள்ள.”

ஓடினாள். கால்கள் கேபினுக்கு ஓடவில்லை. சுவருக்கு ஓடின. அவள் ஓடச் சொல்லவில்லை, அவையாகவே போயின. விரல் சாவியைத் திருப்பியது. திருப்பிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தாள். அலாரம் கத்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, கக்கத்தில் கையைக் கொடுத்து, வெளியே இழுத்துப் போட்டாள். நெஞ்சில் குத்தினாள். கன்னத்தில் அறைந்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதிய காற்று அப்படியே திரும்பி வந்தது. முத்துச்செல்வியின் கண் திறந்துதான் இருந்தது, அதில் பயம்கூட இல்லை. அலாரம் அடிக்கவில்லை என்று நம்பிப் போனவளுக்கு எதற்குப் பயம்?

வராந்தாவில் ஆட்கள் ஓடி வருகிற சத்தம். அலாரத்தைக் கேட்டுத்தான் வருகிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது மெகருன்னிசாவின் வாயில் தயாராக இருந்தது. கத்தக் கத்தத்தான் போனாள். கூப்பிட்டேன். கேட்கவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. கேபின் காலி. ஊதா விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடியின் உள்பக்கம், தரையில் உட்கார்ந்தவர்களின் வாய் உயரத்தில், ஒரு வெள்ளைத் திட்டு விரிந்தது. அது சுருங்கும்போது பக்கத்தில் இன்னொன்று விரிந்தது. ஒன்று விட்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே இன்னொரு ஆள் தலை சாய்க்கிற அளவுக்கு இடம் இருந்தது.

அவள் முட்டி போட்டபடியே வெளிப்பக்கத்துக் கண்ணாடிக்கு அருகே போனாள். அதன்மேல் வாயை வைத்து மூச்சை விட்டாள்.

வெளிப்பக்கம் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. நடுவிலிருந்த இடத்தில், உள்பக்கம், மூன்றாவது திட்டு விரிந்தது.