எப்சி போடாத வட்டம்

எப்சியின் அம்மா ஜாஸ்மின் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, செம்பாக்கத்தில் உள்ள அவர்கள் வீட்டுக்கு மிருதுளா அக்கா வந்தார். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் அம்மாவிடம் ஆராய்ச்சி செய்த மாணவி அவர். பையில் லேப்டாப்பும் ஒரு கட்டுப் படங்களும் இருந்தன.

அம்மா ஆராய்ந்தது விண்மீன் திரள்களை. ஒவ்வொரு திரளும் கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்து சுழலும் பெரிய கூட்டம். அதில் ஒளியும் வாயுவும் எங்கெங்கே எவ்வளவு பரவியிருக்கின்றன என்று தொலைநோக்கிப் படத்தில் அளந்து, அது எவ்வளவு வேகமாகச் சுழலும் என்று அம்மா முன்கூட்டியே கணக்குப் போடுவார். பிறகுதான் மற்றவர்கள் அளந்த உண்மை வேகத்தைப் பார்ப்பார். தெரிகிற பொருளின் எடைக்கு இவ்வளவு வேகம் வராது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ அங்கே இருக்கிறது என்கிறார்கள் பலர். ஆனாலும் தெரிவதை மட்டும் வைத்தே வேகத்தைச் சொல்லிவிட முடிகிறதே, அது எப்படி? அதுதான் அம்மாவின் கேள்வி.

மொத்தம் பன்னிரண்டு திரள்கள். முறுக்கு, ஜாங்கிரி என்று எல்லாவற்றுக்கும் எப்சிதான் பெயர் வைத்தாள். மங்கலாக இருந்த கடைசித் திரளின் பெயர் ஆறிப்போன இட்லி. கல்லூரியிலும் அம்மா அந்தப் பெயர்களைத்தான் சொல்வாராம்.

மிருதுளா அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பதினொரு திரள்களுக்கு அம்மாவின் கணக்கு சரியாக வந்துவிட்டது. இட்லிக்கு மட்டும் வரவில்லை. நொடிக்குத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் என்று கணக்கு சொன்னது, உண்மையில் எண்பத்தெட்டுதான். அம்மாவின் ஆய்வுக் கட்டுரையைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அந்தத் திரளை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அப்பா தேவானந்தம் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவ எப்படி விட்டுட்டுப் போனாளோ அப்படியே இருக்கட்டும்மா. யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார்.

எப்சி படக்கட்டைப் பிரித்தாள். அந்தப் படங்களில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் சில விண்மீன்களும் கூர்மையான புள்ளிகளாகக் குறுக்கே வந்து நிற்கும். அவை அந்தத் திரளைச் சேர்ந்தவை அல்ல; அவற்றின் ஒளியும் சேர்ந்தால் வேகம் கூடுதலாக வந்துவிடும். ஆகவே அவற்றைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டு, கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவால் பேனா பிடிக்க முடியாமல் போனபிறகு, வட்டம் போடுவது எப்சியின் வேலையானது. அப்புறம் சரிபார்க்கிறேன் என்று அம்மா சொல்லியிருந்தார்.

இட்லியின் படத்தில் மூன்று வட்டங்கள் இருந்தன. ஓரத்தில், வட்டமில்லாமல் ஒரு புள்ளி. பஞ்சு போன்ற மங்கலுக்கு நடுவே அது மட்டும் ஊசி குத்தியதுபோல் கூர்மையாக இருந்தது.

எப்சி அதன்மேல் விரலை வைத்தாள். அந்தப் படத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் அப்பாவை வெளியே அழைத்துப்போனார். திரும்பி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா எதையும் சரிபார்க்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். இட்லியை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மாவின் கணக்கு தப்பிவிட்டது என்றல்லவா அக்காவும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

"அக்கா, டாக்டர் அப்பாவ வெளியே கூப்பிட்ட அன்னைக்கு, இந்த ஸ்டாருக்கு நான் வட்டம் போடாம விட்டுட்டேன். தப்பு அம்மாவோடது இல்ல, என்னோடது" என்றாள்.

மிருதுளா அக்கா படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து, அந்த விண்மீனின் ஒளியை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டார். அரைமணி நேரம் ஆயிற்று. எப்சி நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"எண்பத்தொன்பது" என்றார் அக்கா மெதுவாக. "அங்கிள், ஒண்ணுதான் வித்தியாசம். மேடம் போட்ட கணக்கு சரிதான்."

அப்பா எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று எப்சி நினைத்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"அன்னைக்கு நீ அங்க இருந்திருக்கவே கூடாதும்மா" என்றார்.

இரண்டு பேரும் அழுதார்கள். மிருதுளா அக்கா சமையலறையில் போய், சர்க்கரை டப்பாவைத் தேடித்தேடி டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் போனபிறகும் படங்கள் மேஜைமேலேயே கிடந்தன. அம்மா இருந்தவரை அப்பா அவற்றைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இதுல முறுக்கு எது?" என்று கேட்டார்.

எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் படத்தை எடுத்தாள்.