பதினேழு பேருக்கு அரிப்பு

காலை பத்து மணிக்கு ரசீது அம்மாவின் வீட்டுக்கு வந்த கேன்டீன் சமையல்காரர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஆறடி மனிதர் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காது. அம்மா ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இன்னைக்கு நாலு மணிக்கு என்னை வெளியே அனுப்பிடுவாங்கம்மா. மேனேஜர் லெட்டர்கூட டைப் பண்ணி வச்சுட்டாரு. பதிமூணு வருஷமா அந்தக் கேன்டீன்தான் எனக்கு எல்லாம்."

ரசீது அம்மா முப்பது வருடம் ஒரு பெரிய கடையில் பில் போட்டவர். பில்லைப் பார்த்தே அந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா, வேண்டாத விருந்தாளி வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, யாருக்கு எது புரியாவிட்டாலும் இவரைத்தான் தேடி வந்தார்கள். துணைக்கு ஓர் உதவியாளரும் உண்டு. அவர் அம்மாவின் சொந்த மருமகன். ஆர்வத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவசரத்திலும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க சொல்றது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? மகள் வாழ வேண்டாமா? அம்மாவின் துப்பறியும் வேலையில் பாதி சிரமம் இதில்தான் இருந்தது.

"என்ன நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."

தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனி. பத்து நாளாக மதியச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்தில் சிலர் சொறிய ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே அரிப்பு.

"வாய், வயிறு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க ருசி பாக்கிறதுண்டா?"

"எல்லாத்தையும் பாப்பேன். பின்ன இந்த உடம்பு எப்படி வந்துச்சு? எனக்கு ஒண்ணும் அரிக்கலைம்மா."

"பத்து நாளைக்கு முன்னாடி புதுசா ஏதாவது?"

"சமையல்ல ஒண்ணும் மாத்தலை. மேனேஜர் ரூமுக்கு ஏசி குழாய் வேலை நடந்துச்சு, அவ்வளவுதான். ரூம் குளுகுளுன்னு ஆயிடுச்சு. மனுஷன் மட்டும் அதே சூடு."

பையைக் கவிழ்த்தார். முந்தின நாள் சீட்டுகள் நூற்றிருபதும் மேசையில் கொட்டின. கேன்டீனில் சாப்பிட வருகிறவர் தனக்கு வேண்டியதற்கு நேரே டிக் போட்டு, தன் ஊழியர் எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அரிப்பு வந்த பதினேழு பேரின் சீட்டுகளில் சமையல்காரர் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை துள்ளி எழுந்தார்.

"பிடிச்சுட்டேன் அத்தை! டீ! பதினேழு பேரும் டீ குடிச்சிருக்காங்க. ஒருத்தர்கூடத் தப்பலை!"

"நல்லாப் பிடிச்சீங்க மாப்பிள்ளை. அரிக்காதவங்கள்ல எத்தனை பேர் டீ குடிச்சாங்கன்னும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

மாப்பிள்ளை எண்ணினார். குரல் இறங்கியது. "நூத்தி மூணு பேர்ல நூத்தியொரு பேர்."

"எல்லாரும் செய்யறதை வச்சு யாரைப் பிடிக்கிறது? திருடன் மூக்கால மூச்சு விட்டான்னு சொன்னா, நாம யாரைத் தேடுறது?"

மாப்பிள்ளை தளரவில்லை. "அப்ப பப்பாளி! நேத்து பப்பாளி எடுத்தது ஒரே ஒருத்தர். அவருக்கும் அரிப்பு! நூத்துக்கு நூறு!"

"ஒரே ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்பு சொல்லிடலாம்கிறீங்களா?" என்று அம்மா மெல்லக் கேட்டார். "தனித்தனியா பாத்துப் பிடிபடலை. ஜோடி ஜோடியா பாப்போம்."

பட்டியலில் பதினான்கு பொருள்கள். மாப்பிள்ளை கணக்குப் போட்டு, தொண்ணூற்றொரு ஜோடி என்று சொல்லி, சுவர் அகலத்துக்கு ஒரு காகிதம் கேட்டார்.

"அவ்வளவு பாடு வேண்டாம். அஞ்சு சீட்டுலயாவது சேர்ந்து வர்ற ஜோடிதான் நமக்குப் பிரயோஜனம். பப்பாளி தனியாவே ஒரு சீட்டுலதான் இருக்கு. அது யாரோட கைகோத்தா அஞ்சு ஆகும்? அந்த மாதிரி அஞ்சுக்குக் குறைஞ்சதை எல்லாம் முதல்லயே தள்ளிடுங்க."

எட்டுப் பொருள்கள் கழிந்தன. மிஞ்சிய ஆறுக்குப் பதினைந்தே ஜோடி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஜூஸ் இல்லாமல் சூப் எடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். ஒருவருக்கும் அரிப்பு இல்லை. சூப் இல்லாமல் ஜூஸ் எடுத்தவர்கள் பதினேழு பேர், அவர்களுக்கும் இல்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள் பதினெட்டுப் பேர். அதில் பதினாறு பேருக்கு அரிப்பு.

சமையல்காரர் அந்தப் பதினெட்டுச் சீட்டுகளையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "ரெண்டும் என் கையால செஞ்சது."

"வயித்துக்குள்ள ரெண்டும் சண்டை போடுது!" என்றார் மாப்பிள்ளை.

"சண்டை வயித்துல, அடி முழங்கையிலயா?" அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "ரெண்டும் சேர்ந்தா அரிக்குதுன்னுதான் சீட்டு சொல்லும். ஏன்னு சொல்லாது. அதைப் போய்த்தான் பாக்கணும். கணக்குல ஒட்டாத மூணு பேரையும் பாக்கணும். ரெண்டையும் எடுத்தும் அரிக்காத ரெண்டு பேர். ரெண்டையும் எடுக்காம, வெறும் ரொட்டியும் டீயும் எடுத்துட்டுச் சொறியற ஒருத்தர்."

மதியம் கேன்டீன் நிரம்பியிருந்தது. வாசலருகே ட்ரே அடுக்கிய அலமாரி. அதன் தலையில், கிழிந்த பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருளை ஒன்று மஞ்சளாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கடமைக்காக உயிரையே பணயம் வைப்பதாக அறிவித்து, சூப், ஜூஸ், ரொட்டி, முட்டை எல்லாவற்றையும் ஒரு ட்ரேயில் அடுக்கி வந்தார். அம்மா அதே கிண்ணத்திலிருந்து பாதிச் சூப்பையும் அதே தம்ளரிலிருந்து பாதி ஜூஸையும் குடித்தார். பிறகு அந்த மூன்று பேரோடும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை இரண்டு கையையும் பிராண்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, எல்லாமே குற்றவாளி!"

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அன்று முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

நான்கு மணிக்கு மேனேஜர் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேசை மேல் லெட்டர் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. சமையல்காரர் கதவோரமாக நின்றார்.

"சீட்டுல பதினாலு பொருள் இருக்கு," என்று அம்மா ஆரம்பித்தார். "குற்றவாளி பதினஞ்சாவது. அதுக்கு யாரும் டிக் போடுறதில்லை."

"புரியலையே," என்றார் மேனேஜர்.

"கொதிக்கிற சூப்பு ஒரு கிண்ணம், தளும்புற ஜூஸ் ஒரு தம்ளர். ரெண்டையும் வெறுங்கையில தூக்கிட்டு நடக்க முடியுமா? ட்ரே வேணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் வாங்கினவங்க ஒரு கையில அதையும் மறு கையில தட்டையும் எடுத்துட்டுப் போயிடுறாங்க, டீ மேசைக்கே வந்துடுது. உங்க வாட்ச்மேன் சூப்பைக் கவுன்டர்லயே நின்னு குடிச்சுட்டு, அப்புறம்தான் ஜூஸை எடுக்கிறாரு. அவருக்கு அரிக்கலை. டைப்பிஸ்டுக்குக் கால் சுளுக்கு. அவங்க ட்ரேயைத் தோழி தூக்கிட்டு வந்தாங்க. சாப்பிட்டவங்க நல்லா இருக்காங்க, வெறும் ரொட்டி தின்ன தோழி சொறியறாங்க. நானும் மாப்பிள்ளையும் ஒரே சூப்பைத்தான் குடிச்சோம். ட்ரேயைத் தூக்கினது அவர் மட்டும்தான்."

மாப்பிள்ளை சாட்சியாக இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

"ட்ரே பத்து வருஷமா அதேதானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க. அலமாரி மேல இருக்கிற உருளைதான் புதுசு. ஏசி குழாய்ல சுத்தினது போக மிஞ்சின கண்ணாடிப் பஞ்சு, கண்ணாடியை நூலா இழுத்துச் செஞ்சது, தோல்ல பட்டா குத்தி அரிக்கும். ட்ரேயை உருவுறப்ப எல்லாம் அலமாரி ஆடுது, அதோட தூசி கொட்டுது. அதை அங்க வைக்கச் சொன்னது யாரு?"

எல்லாருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

"பத்திரமான இடமா இருக்கட்டும்னு சார்தான்..." என்று சமையல்காரர் இழுத்தார்.

மேனேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பஞ்சு அரிக்குமாம்! எந்த ஊர்லய்யா பஞ்சு அரிக்குது? நானே எடுத்துட்டு வந்து காட்டுறேன்!" யார் தடுத்தும் கேட்காமல் விறுவிறுவென்று கீழே போனார். அந்த உருளையைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மாடியேறி வந்து, மேசைமேல் தொப்பென்று போட்டார். "பாருங்க. எனக்கு என்ன ஆச்சு?"

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் உக்காருவோமே," என்றார்.

உட்கார்ந்தார்கள். ஐந்தாவது நிமிடம் மேனேஜர் மணிக்கட்டை லேசாகத் தேய்த்தார். பத்தாவது நிமிடம் சட்டைக் கையை மடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் கழுத்து, மோவாய், முழங்கை என்று எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"அந்த லெட்டரை என்ன செய்யறதுங்க?" என்று அம்மா கேட்டார்.

"கிழிக்கணும்," என்றார் மேனேஜர். ஆனால் கிழிக்க இரண்டு கை வேண்டும். அவருடைய இரண்டு கைக்கும் அப்போது ஓய்வே இல்லை. "நீங்களே கிழிச்சிடுங்க," என்று சமையல்காரரைப் பார்த்துக் கெஞ்சினார்.

சமையல்காரர் லெட்டரை எடுத்து இரண்டாகக் கிழித்தார், நான்காக்கினார், எட்டாக்கினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை.